மைனஸ் 30 குளிரும் மரத்துப்போன பாதமும்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் மதுரை கே.கே. நகரில் இருக்கிறோம். எங்கள் மகள் கனடாவில் வின்னிபெக் நகரத்தில் இருக்கிறாள். ஜனவரியில் அவளுக்குத் தலைப்பிரசவம். நானும் வீட்டுக்காரரும் டிசம்பர் முதல் வாரம் கிளம்பி மார்ச் கடைசி வரை இருந்துவிட்டு வரலாம் என்றிருக்கிறோம். அங்கே மைனஸ் 30 வரைக்கும் போகும் என்கிறாள். நாங்கள் கொடைக்கானல் குளிருக்கு மேல் பார்த்ததில்லை. ஆளுக்கு எத்தனை ஸ்வெட்டர் வாங்கிக்கொள்ள வேண்டும்? எனக்குப் புடவை தவிர வேறு உடுத்திப் பழக்கமில்லை, அங்கே சமாளிக்க முடியுமா? பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடலாமா? எனக்கு வயது 57, தைராய்டு மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். அவருக்கு 64. பல வருடமாகச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார், பிரஷரும் உண்டு. பாதம் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கிறது என்பார். மற்றபடி தினமும் வண்டியூர் கண்மாய்க்கரையில் நடக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார்.

— வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள அம்மா, பேரப்பிள்ளையைக் கையில் வாங்கப் போகிறீர்கள், முதலில் வாழ்த்துகள். ஸ்வெட்டரைப் பற்றி விரிவாகக் கேட்டிருக்கிறீர்கள். அவருடைய பாதம் மரத்துப்போவதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஸ்வெட்டரைக் காசு கொடுத்தால் எந்த ஊரிலும் வாங்கிக்கொள்ளலாம்.

சித்திரை, வைகாசி வெயிலில் பெரிய கோயிலுக்குப் போய்விட்டு, உள்ளங்காலில் கொப்புளத்தோடு வருகிற சர்க்கரைக்காரர்களை மதுரையில் நாங்கள் பார்க்கிறோம். ஆடி வீதிக் கல்தளம் உச்சிப்பொழுதில் கொதிக்கும். மற்றவர்கள் துள்ளிக்கொண்டு நிழலுக்கு ஓடுவார்கள். இவர்கள் நிதானமாக நடந்து தரிசனம் முடித்து, வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் தோல் வழன்றிருப்பதைப் பார்ப்பார்கள். சுடுவது தெரியாத பாதத்துக்கு உறைவதும் தெரியாது. உங்கள் வீட்டுக்காரர் வின்னிபெக்கில் ‘எனக்கு ஒன்றும் குளிரவில்லையே’ என்று சொன்னால் அதை நம்பிவிடாதீர்கள். அவருடைய கால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்கலாம்.

கடுங்குளிரில் உடம்பு முதலில் இதயம், மூளை, கல்லீரல் இவற்றைக் காப்பாற்றப் பார்க்கும். அதற்காகக் கை கால் விரல், மூக்கு, காது ஆகியவற்றுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். நரம்பு நன்றாக இருப்பவருக்கு விரல் வலிக்கும், குத்தும், உடனே உள்ளே ஓடிவருவார். சர்க்கரையில் நரம்பு கெட்டவருக்கு அந்த வலி வராது. ரத்தக்குழாயும் ஏற்கெனவே சுருங்கியிருந்தால் ஆபத்து இரட்டிப்பு. ஆகவே கிளம்புவதற்கு முன் பாதப் பரிசோதனை செய்துவிட வேண்டும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களில் தொட்டுப் பார்ப்பார்கள், அதிர்வு தெரிகிறதா என்று ஒரு கருவியை வைத்துப் பார்ப்பார்கள், கணுக்காலில் ரத்த ஓட்டம் பார்ப்பார்கள். ஊசி, கத்தி எதுவும் கிடையாது. உங்கள் சர்க்கரை டாக்டரிடமே செய்யலாம், ராஜாஜி அரசு மருத்துவமனையின் சர்க்கரைப் பிரிவுக்கும் போகலாம். நீங்களும் தைராய்டு அளவைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தைராய்டு குறைந்திருந்தால் குளிர் கூடுதலாக உறைக்கும்.

இப்போது குளிருக்கு வருகிறேன். கொடைக்கானல் ஜனவரி இரவில் ஏழெட்டு டிகிரி இருக்கும். நம் வீட்டு ஃபிரிட்ஜின் ஃபிரீசர் மைனஸ் 18. வின்னிபெக்கில் ஜனவரி இரவு சராசரியாகவே மைனஸ் 20-ஐத் தொடும், சில நாட்கள் மைனஸ் 30-க்கும் கீழே இறங்கும். நம் மார்கழிக் குளிரைப் பத்து மடங்கு ஆக்கினால் இதுதான் என்று நினைக்க வேண்டாம். மார்கழிக் குளிர் நடுங்க வைக்கும், அவ்வளவுதான். இந்தக் குளிர் மூடாத தோலை உறையவே வைத்துவிடும்.

ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தபோது லடாக்கில் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே வரும் நம் பக்கத்துப் பையன்கள் எல்லோரும் தெர்மாமீட்டரைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது காற்றை. மைனஸ் 20-ல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 33 மாதிரி. கனடாவில் வானிலை அறிவிப்பிலேயே இந்தக் காற்றுக்குளிர் எண்ணைத் தனியாகச் சொல்வார்கள். உங்கள் மகளிடம் போனில் அதைக் காட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். அந்த எண் மைனஸ் 28 வாக்கில் வந்துவிட்டால், மூடாத தோலில் 10 முதல் 30 நிமிடத்துக்குள் பனிக்கடி வரலாம். மைனஸ் 40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடமே போதும். வின்னிபெக் சமவெளி ஊர், காற்றைத் தடுக்க மலை கிடையாது.

சரி, உடுப்பு. ஆறு ஸ்வெட்டர் வேண்டாம், மூன்று அடுக்கு வேண்டும். உடம்போடு ஒட்டி ஒரு தெர்மல் சட்டையும் கால்சட்டையும், அதற்கு மேல் ஃபிளீஸ் அல்லது கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்று நுழையாத, தலைமூடி வைத்த பார்க்கா கோட். துணி மட்டும் சூடு தராது. துணிகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. அதனால் இறுக்கமாக ஒன்றன்மேல் ஒன்று திணித்துக்கொண்டால் பலன் குறையும்.

உடம்பை ஒட்டி இருக்கும் அடுக்கு பருத்தியாக இருக்கவே கூடாது. நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியைப் போல நல்ல துணி இல்லை, வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர்விக்கும். அங்கே அதே குணம் வினையாகிவிடும். தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். நடப்பது இப்படித்தான்: எல்லா அடுக்கையும் மாட்டிக்கொண்டு கடைக்குள் நுழைவீர்கள். உள்ளே ஹீட்டர் ஓடும். அரைமணி நேரம் கோட்டைக் கழற்றாமல் சுற்றுவீர்கள், ரவிக்கை நனைந்திருக்கும். வெளியே வந்த இரண்டாவது நிமிடம் முதுகு ஜில்லிடும். கட்டடத்துக்குள் நுழைந்ததும் ஜிப்பைத் திறந்துவிடுங்கள், குல்லாவைக் கழற்றுங்கள், வெளியே வரும் முன் மறுபடி மூடுங்கள். இங்கே கடைகளில் கிடைக்கும் தெர்மலில் பருத்தி கலந்தது நிறைய இருக்கிறது. பாலியஸ்டரா, மெரினோ கம்பளியா என்று லேபிளைப் படித்து வாங்குங்கள். பழைய மெல்லிய பட்டு இருந்தால் அதுவும் உள்ளுடுப்புக்கு நல்லதுதான்.

புடவை கட்டலாம் அம்மா. வீட்டுக்குள் 20, 22 டிகிரி வைத்திருப்பார்கள், புடவையும் ஒரு ஸ்வெட்டரும் போதும். வெளியே போகும்போது பருத்திப் பாவாடைக்குப் பதிலாகத் தெர்மலும் அதன்மேல் கம்பளிக் கால்சட்டையும் போட்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டி, முழங்கால் வரை வரும் கோட்டைப் போட்டால் காரில் ஏறி இறங்கச் சரியாக இருக்கும். ஆனால் பனி குவிந்து கிடக்கும் நாளில் கொசுவம் பனியை அள்ளிக்கொண்டு வரும், நனையும், காலில் தட்டும். அன்றைக்குச் சுடிதாரோ பேண்ட்டோ போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு செட் தைத்து எடுத்துப் போய்விடுங்கள், அங்கே போய் யோசிக்க வேண்டாம்.

குரங்குக் குல்லா நல்ல பொருள். பார்க்க எப்படி இருந்தாலும் காது, கன்னம், தாடை மூன்றையும் மூடுகிறது. தலை வழியாகத்தான் பாதிச் சூடு போய்விடும் என்று சொல்வார்கள், அது சரியல்ல. ஆனால் காதும் மூக்கும் கன்னமும் சீக்கிரம் உறையும் இடங்கள். கைக்கு விரல்விரலாகப் பிரிந்த கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாகப் போகும் மிட்டன் கூடுதல் சூடு தரும். உள்ளே ஒரு மெல்லிய கையுறையும் இருந்தால், போனை எடுக்க மிட்டனைக் கழற்றினாலும் வெறுங்கை வெளியே வராது.

நகை விஷயத்தில் கொஞ்சம் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். உலோகம் சூட்டை வேகமாகக் கடத்தும். தாலிச்சரடு துணிக்குள் உடம்புச் சூட்டில் இருப்பதால் ஒன்றும் செய்யாது. மூக்குத்தியும் தோடும் காற்றில் நிற்பவை, வெளியே போகும்போது மப்ளரால் மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், விரல் வீங்கினால் எடுக்க முடியாது. மெட்டி இறுக்கமாக இருந்தால் அதுவும் அப்படியே. கனத்த சாக்ஸுக்குள் அழுந்திப் புண்ணாகும். தளர்வான மெல்லிய மெட்டியாக இங்கேயே மாற்றிக்கொண்டு போனால், பூட்ஸ் போடும்போது எளிதாகக் கழற்றி மாட்டலாம்.

பார்க்காவும் பூட்ஸும் இங்கே தேடி அலையாதீர்கள். மைனஸ் 30-க்கு ஏற்றவை அங்கேதான் கிடைக்கும், அளவு பார்த்தும் வாங்கலாம். உங்கள் இருவருக்கும் கோட்டும் பூட்ஸும் எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குள்ளேயே வந்து நிற்கும்படி மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். விளக்குத்தூண் பக்கம் ஆளுக்கு இரண்டு செட் தெர்மல், ஒரு ஃபிளீஸ், ஒரு சால்வை, குல்லா வாங்கினால் இங்கத்திய வேலை முடிந்தது.

அவருடைய பூட்ஸ் மட்டும் தனிக் கவனம். வழக்கமான அளவைவிட அரை சைஸோ ஒரு சைஸோ பெரிதாக, கம்பளி சாக்ஸோடு போட்டுப் பார்த்து, உள்ளே விரல்களை அசைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். குளிருக்குப் பயந்து மூன்று சாக்ஸ் போட்டு இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று, கால் இன்னும் சீக்கிரம் உறையும். தினமும் சாக்ஸ் மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறை வெளியே போய் வந்ததும் சாக்ஸைக் கழற்றி இரண்டு பாதத்தையும் நீங்களே பாருங்கள், விரலிடுக்கு உட்பட. அவர் பார்த்துச் சொன்னால் போதாது.

அவரைப் பற்றி எனக்கு இன்னொரு பயம் உண்டு. ‘குப்பையை வெளியே வைத்துவிட்டு வந்துவிடுகிறேன், ரெண்டு நிமிஷம்தானே’ என்று வேட்டியும் ரப்பர் செருப்புமாக இறங்குவார். பின்னால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளே நீங்கள் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டு இருப்பீர்கள், கூப்பிட்டால் கேட்காது. நம் ஊரில் வீட்டு ஆம்பிளைகள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் வருவார்கள், அந்தப் பழக்கம் லேசில் போகாது. ஆகவே ஒரு சட்டம்: பூட்ஸ், கோட், சாவி, போன் நான்கும் இல்லாமல் கதவைத் திறக்கக் கூடாது.

அடுத்தது பனி அள்ளுவது. வீட்டு வாசலில் விழுந்த பனியை மாப்பிள்ளை மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருப்பார். மாமனார் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார், ‘கொடுங்க மாப்ளே’ என்று போவார். அதைக் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி பிரஷர் ஏறும், கனமான பனியை அள்ளும்போது இதயத்துக்கு வேலை கூடும். பனி அள்ளும்போது மாரடைப்பு வருவது அந்த நாடுகளில் எல்லா டாக்டருக்கும் தெரிந்த விஷயம். சர்க்கரைக்காரருக்கு நெஞ்சு வலி இல்லாமலே கூட மாரடைப்பு வரும். சளிக்கு அங்கே மருந்துக் கடையில் தானாக மாத்திரை வாங்கவும் வேண்டாம். மூக்கடைப்பை எடுக்கும் மாத்திரைகளில் பல பிரஷரை ஏற்றுபவை.

லடாக்கில் வெளியே போகும்போது இருவர் இருவராக ஜோடி சேர்த்துவிடுவோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். பனிக்கடி வந்தவருக்கு அது தெரியாது, எதிரில் இருப்பவருக்குத்தான் தெரியும். நீங்கள் இருவரும் அப்படிச் செய்யுங்கள். புத்தகங்களில் தோல் முதலில் சிவக்கும் என்று போட்டிருக்கும். நம் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. மூக்கு நுனியோ காது மடலோ கன்னமோ சாம்பல் பூத்து, மெழுகு தடவியது போல வெளிறி, தொட்டால் விறைப்பாக இருந்தால் அதுதான் அடையாளம்.

அப்போது நம் கை தானாகத் தைலத்தைத் தேடும், சூடு பறக்கத் தேய்க்கும். தேய்க்கவே கூடாது, உறைந்த தோல் உள்ளே கிழியும். அடுப்பிலோ ஹீட்டரிலோ காட்டவும் கூடாது. உள்ளே வந்து ஈரத்துணியை மாற்றி, 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அந்த இடத்தை வைக்க வேண்டும். தண்ணீரின் சூட்டை அவர் காலால் பார்க்கக் கூடாது, உங்கள் முழங்கையால் பாருங்கள். உணர்வு திரும்பவில்லை என்றாலோ கொப்புளம் வந்தாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். யாராவது நடுங்கி நடுங்கி, பிறகு நடுக்கம் நின்று, நாக்குழறிப் பேசினால் உடம்பின் உள்சூடே இறங்கிவிட்டது என்று அர்த்தம். 911-ஐக் கூப்பிட வேண்டும். அங்கே வருகையாளர்களுக்கு அரசு மருத்துவச் செலவு கிடையாது. ஏற்கெனவே உள்ள நோயையும் சேர்த்து எடுத்த பயணக் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

இன்சுலினைச் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது, உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் வேலை செய்யாது, தூக்கிப் போட வேண்டியதுதான். டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். அங்கே வெளியே போகும்போது கோட்டின் உள்பாக்கெட்டில், உடம்போடு ஒட்டி இருக்கட்டும். காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சர்க்கரை பார்க்கும் மெஷினும் குளிரில் சரியாகக் காட்டாது.

கண்மாய்க்கரை நடை நின்றால் அவருக்குச் சர்க்கரை ஏறும். அங்கே பெரிய மால்களில் நடக்கலாம். வின்னிபெக் நடு ஊரில் கட்டடத்துக்குக் கட்டடம் மூடிய மேம்பாலங்கள் போட்டிருக்கிறார்கள், வெளியே தலை காட்டாமல் நெடுந்தூரம் நடக்கலாம். வெளியே நடக்கும் நாளில் சறுக்கும் பனியில் சின்னச் சின்ன அடியாக, பாதத்தை முழுதாகப் பதித்து நடங்கள், கை பாக்கெட்டுக்குள் இருக்க வேண்டாம். உங்கள் வயதில் விழுந்தால் மணிக்கட்டு உடையும்.

வீட்டுக்குள் குளிர் இருக்காது, வறட்சி இருக்கும். உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் எட்டிப் பார்க்கும், கால் வெடிப்பு வாய்பிளக்கும். அவருக்கு அந்த வெடிப்பே புண்ணுக்கு வழி. கொதிக்கக் கொதிக்க நெடுநேரம் குளிக்காமல் மிதமான சூட்டில் சட்டென்று குளித்து, ஈரம் காயும் முன்னே எண்ணெயோ கிரீமோ தடவுங்கள், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் அங்கே எப்போதும் கட்டியாகவே இருக்கும், நல்லெண்ணெய் உறையாது. முகத்தில் எண்ணெய் பூசினால் பனி கடிக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது வறட்சிக்கு மட்டும்தான். தலைக்குக் குளித்தால் நன்றாகக் காயும் வரை வெளியே போகாதீர்கள். டிசம்பரில் அங்கே நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், மனசு சோர்ந்துபோகும். பகலில் ஜன்னலோரம் உட்காருங்கள், இங்கே உள்ளவர்களோடு போனில் பேசிக்கொண்டிருங்கள்.

பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது தாராளமாகச் செய்யலாம். சாம்பிராணி மட்டும் வேண்டவே வேண்டாம் அம்மா. நம் வீடுகளில் ஜன்னலும் ஓட்டு இடுக்கும் புகையை வெளியே விட்டுவிடும். அங்கே சூடு போகக் கூடாது என்று வீட்டையே இறுக்கி அடைத்துக் கட்டியிருப்பார்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். 2020 ஜனவரியில் நேபாளத்துக்குச் சுற்றுலா போன கேரளத்துக்காரர்கள், குழந்தைகளும் சேர்த்து எட்டுப் பேர், குளிருக்கு கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு அடைத்த அறையில் படுத்தவர்கள் இறந்தே போனார்கள். பிறந்த பிள்ளையின் நுரையீரலுக்கு வெறும் புகையே ஆகாது. மகளின் தலையைத் துண்டால் துவட்டி, ஹேர் டிரையரில் காய வைத்தால் போதும்.

பிள்ளையைக் காரில் கொண்டுபோகும்போது தடித்த பனியுடுப்பைப் போட்டுக் கார் சீட்டில் கட்டினால் வார் பிடிக்காது, விபத்தில் பிள்ளை நழுவிவிடும். மெல்லிய உடுப்பில் வாரை இறுக்கிக் கட்டிவிட்டு, அதன்மேல் போர்வையைப் போர்த்துங்கள். தொட்டிலில் தூங்கும்போது தளர்ந்த போர்வை, தலையணை எதுவும் வேண்டாம்.

பாதப் பரிசோதனையைத் தீபாவளிக்கு முன்பே முடித்துவிடுங்கள். கால் ஆணி, நகக்கண்ணில் சீழ், சின்ன வெடிப்பு என்று ஏதாவது இருந்தால் ஆற வாரக்கணக்கில் ஆகும், ஆறாத புண்ணோடு அந்தக் கால் பூட்ஸுக்குள் போகக் கூடாது. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். உணர்வு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால், அவர் எந்தக் குளிர் வரைக்கும் வெளியே போகலாம் என்பதை இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.